நகரும் மனையும்: ஜெலுத்தோங் கூறும் வரலாறு

'நகர்' என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் இரு பொருள் உண்டு. மக்கள் திரண்டு வாழும் பேரூரையும் அது குறித்தது. ஒரு குடும்பம் வாழும் மனையையும் மாளிகையையும் குறித்தது. சங்க இலக்கியம் பயில்வோர் இவ்விரு பொருளையும் அறிவர். 'மனை' என்ற சொல்லோ கட்டடத்தை மட்டும் சுட்டி நிற்கவில்லை. அதனின்றே 'மனைவி' பிறந்தாள், 'மனையறம்' பிறந்தது. 'இல்' என்பதினின்று 'இல்லறம்' தோன்றியது. வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமன்று, அதனுள் நிகழும் வாழ்வும் அதனைச் சூழ்ந்த உறவும் சேர்ந்ததே வீடு என்னும் உண்மையைத் தமிழ் தன் சொற்களிலேயே பொதிந்து வைத்திருக்கிறது எனலாம்.

மேலைநாட்டு அறிஞர் இவ்வுண்மையை வந்தடைய நெடுங்காலம் ஆயிற்று. ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளாக அவர்கள் நகரைப் பற்றி ஆராய்ந்தும் வாதிட்டும் வந்துள்ளனர். அக்கொள்கைகள் நூலகத்து அலமாரியில் உறங்குவன அல்ல. எந்த ஊரில் எவருக்கு எத்தகைய வீடு கிடைக்கும், எவர் எங்கிருந்து எங்குப் பெயர்வர் என்பவற்றை அவை முடிவு செய்திருக்கின்றன. பினாங்குத் தீவிலே, ஜார்ஜ்டவுன் பட்டணத்தின் தெற்கு எல்லையில் உள்ள ஜெலுத்தோங் என்னும் ஊரை ஓர் உரைகல்லாகக் கொண்டு அக்கொள்கைகளை உரசிப் பார்ப்பது பயன் தரும்.

பட்டணத்தின் பிறப்பு

1786-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் நாள் பிரான்சிஸ் லைட் இத்தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். கடலோரத்தில் சில நேரான தெருக்கள் வகுக்கப்பட்டன. சூலியா தெரு தமிழ் முஸ்லிம் வணிகரின் பெயரைத் தாங்கியது. 1801-இல் அவர்தம் தலைவர் காதர் முகைதீன் முன்னின்று எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றது. 1833-இல் குயின் தெருவில் மகாமாரியம்மன் ஆலயம் எழுந்தது. செட்டியார்களின் கிட்டங்கிகள் நிறைந்த பினாங்குத் தெருவைத் தமிழர் 'கிட்டங்கித் தெரு' என்றனர். மார்க்கெட் தெருவைக் 'கடைத்தெரு' என்றனர். ஆங்கிலேயர் இட்ட பெயர் ஒன்றிருக்க, மக்கள் தம் தொழிலால் இட்டு வழங்கிய பெயர் மற்றொன்றாயிற்று.

இங்ஙனம் இனத்தாலும் தொழிலாலும் மக்கள் பிரிந்து வாழ்ந்த நகர் புதுமையானதன்று. சிலப்பதிகாரத்தின் இந்திர விழவூரெடுத்த காதை காட்டும் புகார் நகரம் கடலைச் சார்ந்த மருவூர்ப்பாக்கம், உள்நிலத்துப் பட்டினப்பாக்கம் என இரு கூறாய் விளங்கியது. மருவூர்ப்பாக்கத்தில் கடல் வணிகரும் அயல்நாட்டவரும் கைவினைஞரும் வாழ்ந்தனர். பட்டினப்பாக்கத்தில் அரசனும் பெருங்குடி வணிகரும் அந்தணரும் வாழ்ந்தனர். இரண்டிற்கும் இடையே மரநிழலில் நாளங்காடி கூடிற்று. பிரிந்து வாழ்ந்தோர் சந்தையில் கூடினர். அப்பிரிவினையில் ஏற்றத்தாழ்வும் இருந்தது என்பதை மறைத்தல் கூடாது. 'சேரி' என்ற சொல் தொடக்கத்தில் மக்கள் சேர்ந்து வாழும் இடத்தையே குறித்துப் பின்னர் ஒடுக்கப்பட்டோர் ஒதுக்கப்பட்ட இடத்தைக் குறிக்கலாயிற்று. ஒரு சொல்லின் வீழ்ச்சியிலேயே ஒரு சமுதாயத்தின் வரலாறு அடங்கியுள்ளதன்றோ?

பர்மாவிலும் ஜாவாவிலும் இத்தகைய நகரங்களைக் கண்ட பர்னிவால் என்னும் ஆங்கில அறிஞர், அவற்றைப் 'பன்மைச் சமுதாயம்' என்று பெயரிட்டு அழைத்தார். இங்குப் பல இனத்தார் கலந்து பழகுவர், ஆயினும் ஒன்றாய் இணையார். அவர்கள் சந்திக்கும் இடம் சந்தை ஒன்றே என்பது 1948-இல் வெளிவந்த நூலில் அவர் விரித்துரைத்த கருத்து. குடியேற்ற ஆட்சிக்காலத்து நகரை விளக்க இதனினும் பொருத்தமான கொள்கை பிறிதில்லை. ஆனால் அது முழு உண்மையா? அவ்வினாவிற்கு விடையளிக்கும் ஊர்களுள் ஜெலுத்தோங்கும் ஒன்று.

எல்லையில் எழுந்த ஊர்

ஜெலுத்தோங் என்பது ஒரு மரத்தின் பெயர். ஓங்கி வளர்ந்து பால் சுரக்கும் அம்மரத்தின் பெயரே ஊரின் பெயராயிற்று. வடக்கே சுங்கை பினாங்கு ஆறு, தெற்கே குளுகோர், கிழக்கே கடல் என அமைந்த இவ்வூர் பட்டணத்தின் வாயிலில் நின்றது. பட்டணத்தில் உழைத்துப் பட்டணத்தில் வாடகை கொடுக்க இயலாதார் இங்கே ஒதுங்கினர். மின்சார டிராம் வண்டி 1906-ஆம் ஆண்டில் ஜார்ஜ்டவுனில் ஓடத் தொடங்கியது. பின்னர் டிராலி பஸ் அதன் இடத்தைப் பிடித்து 1961 வரை ஓடியது. இவ்வண்டிகள் துறைமுகத்தையும் புறநகரையும் இணைத்தன. உழைப்பவன் உழைக்கும் இடத்திற்குச் சற்று அப்பால் வாழ அவை வழிசெய்தன.

சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பர்ஜஸ் 1925-இல் ஒரு கொள்கையை வெளியிட்டார். குளத்தில் கல்லெறிந்தால் அலைகள் வட்டம் வட்டமாய் விரிவது போல நகரம் நடுவணிகப் பகுதியினின்று வளையங்களாய் விரிகிறது. நடுவை அடுத்த வளையத்தில் புதிதாய் வந்த ஏழையர் நெருங்கி வாழ்வர். வசதி பெருகப் பெருக மக்கள் வெளி வளையங்களுக்குப் பெயர்வர் என்பது அக்கொள்கை. ஜார்ஜ்டவுனுக்கு இது ஓரளவே பொருந்தும். இங்கே இரு புறமும் கடல் சூழ்ந்திருப்பதால் வளையம் முழுமை பெறவில்லை. செல்வர் வடகடற்கரைச் சாலையிலும் மலையடிவாரத்திலும் மாளிகை கட்டினர். உழைப்பாளர் தெற்கே சுங்கை பினாங்கு, ஜெலுத்தோங் பக்கம் பரவினர். வளையத்தை விட ஆப்பு வடிவமே இதற்குப் பொருந்துகிறது. 1939-இல் ஹோய்ட் என்பவர் கூறிய 'துண்டுக் கொள்கை' இதுவே. வேற்று நாட்டில் வரைந்த படத்தை அப்படியே நம் மண்ணின் மேல் ஒட்டிவிட இயலாது என்பது இங்குக் கிடைக்கும் முதற் பாடம்.

பினாங்குத் தமிழருள் ஒரு பகுதியினர் துறைமுகத்தில் மூட்டை சுமந்தனர். ஒரு பகுதியினர் நகராண்மைக் கழகத்தில் சாலையும் சாக்கடையும் துப்புரவு செய்தனர். சிலர் மாடு வளர்த்துப் பால் விற்றனர். சலவைத் தொழில் செய்தோரும் உண்டு. இவர்கள் ஊதியம் சிறிது. கம்பத்து மர வீடும் கூலி லயமும் இவர்களுக்குக் கிடைத்த உறைவிடங்கள். ஜெலுத்தோங்கில் மலாய்க் கம்பமும் சீனர் கடைவீடும் தமிழர் குடியிருப்பும் கூப்பிடு தொலைவில் அமைந்தன. ஒரே கிணற்றடியிலும் ஒரே காப்பிக் கடையிலும் பழகிய மக்கள், சந்தையில் மட்டுமே சந்திப்பர் என்ற பர்னிவாலின் கூற்றைத் தம் அன்றாட வாழ்வால் திருத்தி எழுதினர். ஏழைமை அவர்களுக்கு ஒரு பொதுமொழியைக் கற்றுக் கொடுத்தது.

அறிஞர் கண்ட இரு வழிகள்

நகரை நோக்கிய அறிஞர் இரு வழியாய்ப் பிரிந்தனர். நகரம் மனிதனைத் தனியனாக்குகிறது என்றது ஒரு சாரார் கருத்து. ஜெர்மானிய அறிஞர் டோனிஸ் 1887-இல் உறவால் பிணைந்த சமுதாயம், ஒப்பந்தத்தால் பிணைந்த சமுதாயம் என இரண்டை வேறுபடுத்தினார். சிற்றூர் முன்னதற்கும் பெருநகர் பின்னதற்கும் எடுத்துக்காட்டு. 1903-இல் சிம்மல் என்பவர், நகரத்தின் ஓயாத பரபரப்பிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள நகரவாசி உணர்ச்சியை ஒடுக்கிக் கணக்குப் பார்த்து வாழப் பழகுகிறான் என்றார். 1938-இல் லூயிஸ் விர்த், மக்கள்தொகைப் பெருக்கம், நெருக்கம், வேற்றுமை ஆகிய மூன்றுமே நகர வாழ்வின் தன்மையை உருவாக்குகின்றன என்று வரையறுத்தார்.

நகரத்துள்ளும் சிற்றூர் வாழ்கிறது என்றது மற்றொரு சாரார் கருத்து. யங், வில்மட் என்னும் இருவர் 1957-இல் கிழக்கு இலண்டனின் பெத்னல் கிரீன் பகுதியை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டனர். நெருக்கடி மிகுந்த அத்தெருக்களில் தாயும் மணமான மகளும் அருகருகே வாழ்ந்து ஒருவர்க்கொருவர் துணைநின்றனர். நகருக்கு வெளியே நல்ல வீடு கட்டிக் கொடுத்து அவர்களைப் பெயர்த்தபோது குழாய்நீரும் தோட்டமும் கிடைத்தன. ஆனால் தாயின் துணை தொலைந்தது. 1961-இல் ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி, தெருவைக் காப்பது காவலர் மட்டுமல்லர், திண்ணையிலும் கடை வாயிலிலும் இருந்து பார்க்கும் அயலாரின் கண்களே என்று எழுதினார். அஞ்சடிப் பாதையை உடைய பினாங்குக் கடைவீட்டுத் தெருவில் வளர்ந்தவர்க்கு இக்கருத்து புதிதன்று.

இவ்விருவர்க்கும் முன்னரே தமிழ் மண்ணில் நின்று ஒருவர் இதனைக் கூறினார் என்பது பலர் அறியாத செய்தி. ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் பேட்ரிக் கெடிஸ் 1914-ஆம் ஆண்டு இந்தியா வந்தார். 1915-இல் சென்னை மாகாணத்து நகரங்களைப் பற்றி அறிக்கை அளித்தார். மதுரை, தஞ்சை, காஞ்சி ஆகிய ஊர்களின் தெருக்களில் நடந்து நடந்து ஆராய்ந்தார். நெருக்கமான தெருக்களை இடித்து அகன்ற சாலை போடுவதே பொறியாளர் மருந்தாய் இருந்த காலம் அது. கெடிஸ் தஞ்சையில் வேறொரு மருத்துவம் கூறினார். பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, காற்றும் வெளிச்சமும் புகச் செய்து, மரம் நட்டு, ஏனைய வீடுகளைப் பழுதுபார்த்து, மக்களை அவ்விடத்திலேயே வாழவிடல் வேண்டும் என்றார். இதனைக் 'காக்கும் அறுவை மருத்துவம்' என்னும் பொருள்பட அவர் வழங்கினார். இடிப்பதை விட இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு என்றும் காட்டினார். 'முதலில் ஆராய்ச்சி, பின்னரே திட்டம்' என்பது அவர் கொள்கை. நோய் நாடி, நோய் முதல் நாடிப் பின்னரே மருந்து தேடச் சொன்ன வள்ளுவர் மரபில் வந்த தமிழர்க்கு இது அயலான கருத்தன்று.

போருக்குப் பின்

1941 டிசம்பரில் ஜப்பானியர் குண்டு ஜார்ஜ்டவுனைச் சிதைத்தது. போர் முடிந்தபின் வீட்டுப் பஞ்சம் தலைதூக்கியது. வாடகை வானுயர ஏறாமல் தடுக்கச் சட்டம் வந்தது. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 பிப்ரவரிக்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை அடக்கி வைத்தது. கைவினைஞரும் சிறுவணிகரும் கூலித் தொழிலாளரும் பட்டணத்தின் நடுவிலேயே வாழ இச்சட்டம் துணைநின்றது. எனினும் போதிய வாடகை வராமையால் உரிமையாளர் பலர் கட்டடங்களைப் பேணாது விட்டனர். ஒரு கை காத்தது; ஒரு கை நலிவித்தது.

இதற்கிடையே 1957 ஜனவரி முதல் நாள் ஜார்ஜ்டவுன் மாநகர்த் தகுதி பெற்றது. தொழிற்கட்சியைச் சார்ந்த டி. எஸ். இராமநாதன் அதன் முதல் நகரத் தந்தையானார். பட்டணத்துச் சாலை ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஏழையர்க்கு வீடு கட்டித் தருவது நகராட்சியின் கடமை என்ற எண்ணம் அக்காலத்தில் வலுப்பெற்றது. 1965-இல் உள்ளாட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது. அதன் பின்னர் நகர மக்கள் தங்கள் தெருவைப் பற்றி வாக்களிக்கும் வாய்ப்பை இழந்தனர். வீடமைப்பு வரலாற்றில் இஃது ஒரு பெருந்திருப்பம் என்பதை மறத்தலாகாது. எவ்வீடு இடிபட வேண்டும், எவ்வீடு எழ வேண்டும் என்பதை அதில் வாழ்வோர்க்கு நேரடியாய் விடைகூறக் கடமைப்படாதவர் முடிவு செய்யும் நிலை அன்று தோன்றியது.

வானை நோக்கி எழுந்த வீடுகள்

ஜெலுத்தோங்கிற்கு அண்மையில், ஆயர் ஈத்தாம் பக்கத்தில், துப்பாக்கி பயிலும் திடலாய் இருந்த இடத்தில் 1960-களின் பிற்பகுதியில் ஒரு புதுமை எழுந்தது. 17 மாடி உடையன ஆறும், 18 மாடி உடையன மூன்றுமாக ஒன்பது கட்டடங்கள். மொத்தம் 3,699 வீடுகள். சுவர்ப் பலகைகளை முன்னரே வார்த்துக் கொணர்ந்து அடுக்கும் பிரெஞ்சு நாட்டு முறையால் இவை கட்டப்பட்டன. கோலாலம்பூர் பெக்கெலிலிங் சாலை அடுக்குமாடிகளும் இதே காலத்தில் இத்தகைய முறையில் எழுந்தவையே. கம்பத்து மண்ணில் கால்பதித்து வாழ்ந்த மக்கள் மின்தூக்கியில் ஏறி வானத்தில் குடிபுகுந்தனர்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 33 கட்டடங்களாய் எழுந்த புருயிட்–ஐகோ குடியிருப்பு, 1950-களில் குடிபுகுந்தோர் வாழ்ந்து முடிவதற்குள் பாழடைந்து, 1972 முதல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. உயர்மாடி வீடே மக்களைக் கெடுக்கும் என்பதற்கு அதனைச் சான்றாய்க் காட்டுவோர் உண்டு. பினாங்கின் அனுபவம் வேறு. துப்பாக்கித் திடல் வீடுகள் சிறியன, நெருக்கடி மிக்கன, குறைகூறுவோர் பலர். ஆயினும் அவற்றில் மக்கள் இன்றும் வாழ்கின்றனர். வேறுபாட்டிற்குக் காரணம் கட்டடத்தின் உயரம் அன்று. செயின்ட் லூயிஸில் நகரம் வேலையை இழந்து தேய்ந்தது, பேணுதற்குப் பணமில்லை, கறுப்பின ஏழையர் மட்டுமே ஒதுக்கி வைக்கப்பட்டனர். பினாங்கிலோ வேலை பெருகிற்று. பல தரத்து மக்கள் வந்தனர். கீழே கடையும் சந்தையும் அருகில் பேருந்தும் இருந்தன. வீட்டின் வடிவம் மட்டும் வாழ்வை முடிவு செய்வதில்லை என்பது இங்குக் கிடைக்கும் இரண்டாம் பாடம்.

வேலை பெருகியது எவ்வாறு? 1969-இல் பினாங்கு தன் தீவுத் துறைமுகச் சலுகையை இழந்தது. அதே ஆண்டில் டாக்டர் லிம் சொங் இயூ முதலமைச்சரானார். பினாங்கு மேம்பாட்டுக் கழகம் தோன்றியது. 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வாணிக வட்டாரம் திறக்கப்பட்டது. மின்னணுத் தொழிற்சாலைகளில் இளம் பெண்கள் ஆயிரக்கணக்கில் பணியேற்றனர். 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. வடக்கே பட்டணம், தெற்கே தொழிற்சாலை, இடையிலே ஜெலுத்தோங். ஒருகாலத்தில் எல்லையாய் இருந்த ஊர் இப்போது வழியாயிற்று. வழியில் உள்ள நிலத்தின் விலை உயர்ந்தது. நிலத்தின் விலை உயர்ந்தால் அதில் வாடகைக்கிருக்கும் மனிதனின் மதிப்பு தாழும் என்பது நகரத்தின் கொடிய கணக்கு.

கடலோரத்தைத் தூர்த்து நெடுஞ்சாலை அமைந்தது. 2010-இல் அதற்குத் துன் டாக்டர் லிம் சொங் இயூ பெயர் சூட்டப்பட்டது. மீனவர் இறங்கிய கரையோரம் சாலையாகவும் கட்டட நிலமாகவும் மாறியது. அக்கரையிலேயே பல்லாண்டுக் காலம் பட்டணத்துக் குப்பை கொட்டப்பட்டு மேடாயிற்று. 2022-இல் அம்மேட்டில் மூண்ட தீயின் புகை சுற்றுவட்டார மக்களை வாட்டியது. ஒரு நகரம் தன் கழிவை எங்கே கொட்டுகிறது என்பதைப் பார்த்தால், அது யாரைத் தன் பின்வாயிலாகக் கருதுகிறது என்பது விளங்கிவிடும்.

பெயர்த்து நட்ட மரம்

1872-இல் எங்கெல்ஸ் வீட்டுச் சிக்கலைப் பற்றி எழுதியபோது ஒன்றைக் குறிப்பிட்டார். நகரத்தின் நடுவில் உள்ள நெருக்கடி வீடுகளை இடித்தால் ஏழைமை அழிவதில்லை. அது வேறோரிடத்திற்கு இடம்பெயர்கிறது, அவ்வளவே என்பது அவர் கூற்றின் சாரம். அவர் கண்டது மான்செஸ்டரை. ஆனால் அவர் சொல் ஜார்ஜ்டவுனிலும் பலித்தது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு 1999-ஆம் ஆண்டு இறுதியோடு அதன் காப்பு முடிவுற்றது. பட்டணத்து நடுவே தலைமுறையாய் வாழ்ந்த வாடகைக் குடும்பங்கள் பல, புறநகர் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன. 2008-இல் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகராய் அறிவிக்கப்பட்டபோது தெருக்கள் புகழ்பெற்றன. ஆனால் அத்தெருக்களுக்கு உயிரூட்டிய மக்களுள் பலர் அங்கில்லை.

ஜெலுத்தோங்கிற்குத் தெற்கே, புக்கிட் குளுகோரில், கம்போங் புவா பாலா என்ற சிற்றூர் இருந்தது. டேவிட் பிரவுன் என்னும் ஸ்காட்லாந்துத் தோட்டக்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய குளுகோர் தோட்டத்தோடு தொடர்புடைய நிலம் அது. அத்தோட்டத்துத் தொழிலாளர் வழிவந்த தமிழர் அங்கே தலைமுறை தலைமுறையாய் மாடு வளர்த்து வாழ்ந்தனர். மாடுகள் மேயும் அவ்வூரைத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பெயரால் 'ஹை சாப்பரல்' என்றும் மக்கள் அழைத்தனர். நிலம் வீடமைப்புத் திட்டத்திற்குக் கைமாறியது. வழக்கு நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கியது. 2009-இல் கூட்டரசு நீதிமன்றமும் கைவிரிக்க, அவ்வாண்டே வீடுகள் இடிக்கப்பட்டன. சிலர் மாற்று வீட்டுக்கு இசைந்தனர். சிலர் இறுதிவரை இசையவில்லை.

இந்நிகழ்ச்சியில் யார் குற்றம் எவ்வளவு என்று அளப்பது இங்கு நோக்கமன்று. கொள்கை வழியே எழும் வினா ஒன்றுண்டு. சட்டம் நிலத்தை அளந்தது. அதன் உரிமைப் பத்திரத்தைப் படித்தது. நூறாண்டு வாழ்வை அளக்கச் சட்டத்திடம் கோல் இல்லை. 1968-இல் பிரெஞ்சு அறிஞர் லெபெவ்ர் 'நகருக்கான உரிமை' என்றொரு கருத்தை முன்வைத்தார். நகரை உழைத்து உருவாக்கியவர்க்கு, பத்திரம் இருப்பினும் இல்லாதுபோயினும், அந்நகரில் வாழவும் அதன் போக்கை முடிவு செய்யவும் உரிமை உண்டு என்பது அதன் கருத்து. சாலை போட்டவர், சாக்கடை தூர்த்தவர், மூட்டை சுமந்தவர், பால் கறந்தவர் ஆகியோர்க்கு நகரில் என்ன பங்கு? மாற்று வீடு தந்தால் கணக்குத் தீர்ந்துவிடுமா? மாற்று வீட்டில் மனிதன் வாழலாம். மாடு வாழ இயலாது. தொழிலோடு பிணைந்த வீட்டைத் தொழிலினின்று பிரித்துத் தருவது பாதி வீட்டைத் தருவதாகும்.

கோவலனும் கண்ணகியும் மதுரையை அடைந்தபோது அவர்களுக்கு இடமளித்தது கோட்டையன்று. புறத்தே வாழ்ந்த ஆயர்பாடி. மாதரி என்னும் ஆயர் முதுமகள் தன் மனையில் அடைக்கலம் தந்தாள். புதிதாய் வருவோரை முதலில் ஏற்பது என்றும் நகரத்தின் விளிம்பே. அவ்விளிம்பை அழித்துவிட்டால் நாளை வரும் ஏழைக்கு மாதரி எங்கே?

முகவரியும் பள்ளியும்

வீடமைப்பிற்கும் தமிழ்க் கல்விக்கும் என்ன தொடர்பு என்று ஆசிரியர் சிலர் வினவலாம். தொடர்பு உயிரோட்டமானது. 1957-இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று அவை 530-க்கும் குறைவு. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர் குடும்பங்கள் சிதறின. குடும்பங்கள் சிதறப் பள்ளிகள் மூடின. நகர்ப்புறத்திலும் இதே விதி தொழிற்படுகிறது. ஒரு கம்பம் கலையும்போது நாற்பது தமிழ்க் குடும்பங்கள் நாற்பது அடுக்குமாடிகளுக்குச் சிதறினால், எந்தப் பள்ளிக்கும் அவர்கள் அண்டையர் அல்லர். பள்ளி பழைய இடத்தில் இருக்கும். பிள்ளை புதிய இடத்தில் இருப்பான். இடையே போக்குவரத்துச் செலவு குறுக்கே நிற்கும்.

1929-இல் கிளாரன்ஸ் பெர்ரி என்னும் அமெரிக்கர், ஒரு குடியிருப்பின் நடுப்புள்ளி தொடக்கப்பள்ளியாய் இருக்க வேண்டும். பிள்ளைகள் பெருஞ்சாலையைக் கடக்காமல் நடந்து செல்லும் தொலைவே அக்குடியிருப்பின் எல்லையாக வேண்டும் என்றார். இக்கொள்கையைப் புதுநகர்த் திட்டங்கள் பல உலகெங்கும் பின்பற்றின. பல்லினம் வாழும் நாட்டில் இதனைச் செயற்படுத்தும்போது எப்பள்ளி நடுவில் நிற்கும் என்ற வினா எழுவது இயல்பு. தமிழ்ப்பள்ளிக்கு நிலம் வேண்டும் எனில், வீடமைப்புத் திட்டம் வரையப்படும் நாளிலேயே அக்குரல் எழ வேண்டும். சுவர் எழுந்தபின் எழும் குரல் எதிரொலியாகவே முடியும்.

இதனால் தமிழர் தனித்து ஒதுங்கி வாழ வேண்டும் என்று கொள்வது தவறு. அண்டை நாடாகிய சிங்கப்பூர் 1989 முதல் அடுக்குமாடிகளில் ஒவ்வோர் இனத்தாரும் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என வரையறுத்து மக்களைக் கலந்து வாழச் செய்கிறது. அதனால் இன ஒதுக்கம் தடுக்கப்பட்டது. எனினும் சிறுபான்மையினர் வீடு விற்கையில் வாங்குவோர் குறைவாகும் இடர்ப்பாடும் உண்டு. பழைய ஜெலுத்தோங் எச்சட்டமும் இன்றிக் கலந்து வாழ்ந்தது. அக்கலப்பில் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் சீனர் ஆலயத்திற்கும் தமிழ்ப்பள்ளிக்கும் இடமிருந்தது. ஒன்றாய் வாழ்வதும் தானாய் வாழ்வதும் ஒரே தெருவில் நிகழ இயலும் என்பதே அவ்வூர் கற்பிக்கும் மூன்றாம் பாடம்.

செய்ய வேண்டுவது

நகரம் வளரத்தான் செய்யும். கூரை ஒழுகும் பலகை வீட்டைப் புகழ்ந்து பாடி ஏழையை அதிலேயே வைத்திருக்க நினைப்பது அறமன்று. வெள்ளத்தில் மிதந்த வீட்டில் பிள்ளை வளர்த்த தாய்க்குக் குழாய்நீரும் மின்விளக்கும் பூட்டிய கதவும் பெரும்பேறு. அடுக்குமாடி பலருக்கு விடுதலை அளித்தது என்பது உண்மை. எனவே இடிப்பதா காப்பதா என்பது சரியான வினா அன்று. இடிக்குமுன் எதை அளந்தோம் என்பதே வினா. தரையின் பரப்பை மட்டும் அளந்தோமா? அல்லது அங்கிருந்து பிழைப்பிற்கு எத்தனை கல் தொலைவு, பள்ளிக்கு எத்தனை கல் தொலைவு, நோயுற்ற நள்ளிரவில் கதவைத் தட்ட அயலார் உளரா என்பவற்றையும் அளந்தோமா?

கெடிஸ் கூறிய ஆராய்ச்சியை அரசு மட்டுமே செய்ய வேண்டும் என்பதில்லை. வகுப்பறை செய்யலாம். உயர்நிலை மாணவர் தம் குடியிருப்பின் படத்தை வரையலாம். பாட்டனும் பாட்டியும் எந்த ஊரினின்று எந்த ஆண்டு பெயர்ந்தனர், ஏன் பெயர்ந்தனர், முன்பிருந்த இடத்தில் இன்று என்ன நிற்கிறது என்று கேட்டு எழுதலாம். மக்கள் தம் வாயால் தெருவுக்கு இட்ட பெயர்களைத் தொகுக்கலாம். கட்டுரைப் பயிற்சி என்ற பெயரில் ஆண்டுதோறும் மறைந்துபோகும் ஏடுகளுக்கு மாற்றாக ஓர் ஊரின் வரலாறு உருவாகும். நாளை ஒரு திட்டம் வரும்போது அவ்வேடு சான்றாய் நிற்கும். எழுதப்படாத ஊர் எளிதில் இடிபடுகிறது. எழுதப்பட்ட ஊரை இடிக்கச் சற்றேனும் கை தயங்கும்.

ஜெலுத்தோங்கிற்குப் பெயர் தந்த மரங்கள் நின்ற நிலத்தில் இன்று வானளாவிய கட்டடங்கள் நிற்கின்றன. பெயர் மட்டும் எஞ்சியது. மரத்திற்கு நேர்ந்தது மக்களுக்கும் நேர வேண்டியதில்லை. மனையைக் குறித்த சொல்லாலேயே நகரையும் குறித்த முன்னோர், இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை உணர்ந்திருந்தனர் போலும். மனைகள் சிதைந்த இடத்தில் நகர் நிலைக்காது. அதனைக் கற்பிக்கும் கடமை ஆசிரியருடையது. கற்று எழுதிக் காக்கும் கடமை மாணவருடையது.